அப்பாவிடமிருந்து மீன் கம்பெனியைக் கையில் எடுக்கும்போது: முதலாளிக்கு என்னென்ன பழக்கம் வேண்டும்?

பாம்பன்_சரக்கு:
எல்லோருக்கும் வணக்கம். கணவாய், நண்டு, விளைமீன் வாங்கி ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு அனுப்பும் தொழில். ஏலம் எடுக்க 2 பேர், தரம் பிரிக்கும் பெண்கள் 8, ஐஸ், லோடிங் 3, வேன் டிரைவர் 2, கணக்கு 1. மொத்தம் 16 பேர். விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் அப்பா பொறுப்பை விடுகிறார்.

மீனும் தெரியும், கணக்கும் தெரியும். ஆள் நடத்துவதுதான் சந்தேகம். தலைமைப் பண்பு பற்றிய வீடியோக்கள் எல்லாம் விடியற்காலை எழு, பெரிதாகக் கனவு காண் என்கின்றன. படகு வரும் நாளில் இங்கே எல்லோருமே மூன்று மணிக்கு எழுகிறவர்கள்தான். நடைமுறைக்கு ஆகிற பழக்கம் எவை, எந்த வரிசையில் தொடங்குவது?

உச்சிப்புளி_கணக்கு:
தராசில் ஆரம்பிங்க தம்பி. முதலாளி எப்படிப்பட்டவர் என்று ஆட்கள் தெரிந்துகொள்கிற இடம் அதுதான்.

தண்ணிக் கழிவு, கூடைக் கழிவு என்று 20 கிலோவுக்கு ஒரு கிலோ கூடுதலாக அடிக்கிற ஆளை முதலாளி கண்டுகொள்ளாமல் விட்டால், அந்த ஆள் இரண்டு பாடம் படிக்கிறார். ஒன்று, எடையைத் திருத்தலாம். இரண்டு, முதலாளிக்கு அது தெரியும், ஆனால் வாய் திறக்க மாட்டார். ஆறு மாதத்தில் அதே கை உங்கள் சரக்கிலும் வேலை பார்க்கும். நீங்கள் கேட்க முடியாது, கேட்கிற தகுதி போயிருக்கும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். முத்திரை போட்ட 5 கிலோ எடைக்கல் ஒன்று தராசுப் பக்கத்திலேயே இருக்கட்டும். முதல் கூடை ஏறுவதற்கு முன், விற்கிறவர் கண் முன்னால் அதை வைத்துக் காட்ட வேண்டும். காலிக் கூடையை நனைத்து எடை போட்டு அந்த எண்ணைக் கழிக்க வேண்டும், மனக்கணக்கில் கழிக்கக் கூடாது. உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கினால் எலக்ட்ரானிக் தராசு மெல்ல மெல்ல விலகும், அதனால் சுழி காட்டுகிறதா என்று இடையிடையே பார்க்கணும். தொழிலாளர் துறையின் முத்திரை வருடா வருடம் புதுப்பிக்கணும்.

முதல் மாதம் இந்த எடைக்கல்லை நீங்களே வையுங்கள். அதன் பிறகு ஏலம் எடுப்பவர் வைக்கட்டும். முதலாளி குனிந்து செய்த வேலையை யாரும் கேவலமாக நினைக்க மாட்டார்கள்.

தொண்டிக்காரன்:
தராசு சரி அண்ணே. ஆனா இந்தக் கரையில முதலாளியோட குணம் தெரியுறது முன்பணத்துல. வத்தைக்காரருக்கு (சின்ன நாட்டுப்படகு வச்சிருக்கவரு) வலை வாங்க, இன்ஜின் மாத்தப் பணம் குடுத்துட்டு, அவரு கொண்டாற சரக்குக்கு வெலைய 20 ரூபா கம்மியாப் போடுறது வழக்கமாப் போச்சு. வட்டி வாங்கலேன்னு பெருமை வேற.

அதுல என்ன கெடும்னா, நல்ல கணவாயெல்லாம் வேற ஆளுக்குப் போயிரும். உங்களுக்கு வர்றது மிச்சம் மீதி. கடன் வாங்குனவரைக் குத்தம் சொல்லிப் பிரயோசனமில்ல, ரெண்டு வெலை இருக்குற எடத்துல சரக்கு நடக்குற வழி அது.

அன்னன்னைக்கு வெலைய ஒரு பலகையில எழுதிப் போடுங்க. முன்பணம் வாங்குனவரு, வாங்காதவரு எல்லாருக்கும் ஒரே வெலை. கடனை மட்டும் சீட்டுல தனியா, விக்கிற தொகையில 10 சதவீதம்னு பிடிங்க. எவ்வளவு பிடிச்சது, எவ்வளவு பாக்கி, ரெண்டும் அந்தச் சீட்டுலயே எழுதணும். பிடித்தம் 15 சதவீதத்தைத் தாண்டுனா டீசல் காசுக்கு வேற எடத்துல கைநீட்டுவாரு, அங்க சரக்கும் போயிரும்.

புதுசா முன்பணம் கேட்டா அன்னைக்கே சரின்னோ இல்லைன்னோ சொல்லாதீங்க. "நாளைக்குப் பத்து மணிக்குச் சொல்றேன்"னு சொல்லி, பத்து மணிக்குச் சொல்லிருங்க. மூணு மணிக்கு எந்திரிச்ச மூளை சாயங்காலம் இரக்கத்துலயும் கோவத்துலயும் முடிவெடுக்கும்.

வாடைக்காத்து:
இதெல்லாம் வியாபார நேர்மை. கேள்வி தலைமை பற்றி. நேர்மையான எத்தனையோ முதலாளிகளிடம் ஆள் தங்குவதில்லையே?

ராமேஸ்வரத்துக்காரர்களுக்குத் தெரிந்த உதாரணமே இருக்கிறது. 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி-3 ராக்கெட் கடலில் விழுந்தபோது பத்திரிகையாளர் முன் போய் நின்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதைக்குப் போனதும், திட்டத் தலைவரான கலாமைப் பேசச் சொன்னார். இதுதான் தலைமை.

நண்டுக்கம்பெனி_அக்கா:
அந்தக் கதையின் பாதியைத்தான் எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். வெளியே தவான் தாங்கிக்கொண்டார், சரி. உள்ளே என்ன நடந்தது? எதனால் விழுந்தது என்று தோண்டி, இரண்டாம் நிலைக் கட்டுப்பாட்டு அமைப்பில் வால்வு வழியாக அமிலம் கசிந்ததுவரை கண்டுபிடித்தார்கள். வெளியில் ஆளை விட்டுக்கொடுக்காமல் இருப்பதும், உள்ளே காரணத்தை விடாமல் இருப்பதும் சேர்ந்துதான் ஒரு பழக்கம். முதல் பாதியை மட்டும் செய்கிற முதலாளியை ஆட்கள் நல்ல மனுஷர் என்பார்கள், சரக்கு திரும்பி வந்துகொண்டே இருக்கும்.

நம் தொழிலில் இது இப்படி இறங்கும். கம்பெனி 200 கிலோ கணவாயைத் திருப்பினால் பேச வேண்டியவர் முதலாளி. வேன் டிரைவரை விட்டுத் திட்டு வாங்க வைக்கக் கூடாது. தரம் நன்றாக இருந்தது என்று கம்பெனி சொன்னால், அதை எட்டுப் பெண்கள் முன்னால் வந்து அப்படியே சொல்ல வேண்டும்.

அதைவிட முக்கியம், கெட்ட செய்தி வரும்போது உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம். "யாரு பார்த்த வேலை இது?" என்று கேட்டால் அன்றோடு செய்தி வருவது நிற்கும். "சரக்கு இப்போ எங்கே இருக்கு, ஐஸ் இருக்கா?" என்று கேளுங்கள். சரக்கைக் காப்பாற்றுகிற கேள்வி முதலில், காரணம் மறுநாள். நண்டில் இது ரொம்பப் பொருந்தும். செத்த நண்டு மணிக்கணக்கில் கெடும். வேன் நின்றுவிட்டது என்ற செய்தி ஒரு மணி நேரம் தாமதமானால் சதை குழைந்துவிடும். டிரைவர் பயந்துகொண்டு தானே ரிப்பேர் பார்க்க முயன்ற அந்த ஒரு மணி நேரத்தில்தான் நஷ்டம்.

ஆகவே விதியைப் போட்டுச் சொல்லிவிடுங்கள்: உடனே சொன்ன தப்புக்குத் திட்டு இல்லை, மறைத்த தப்புக்கு உண்டு. சொல்லிவிட்டு முதல் தடவை நீங்களே மீறினால், பிறகு நூறு தடவை சொன்னாலும் எடுபடாது.

பாம்பன்_சரக்கு:
அக்கா, ரொம்ப நன்றி. இப்போது உள்ள பெரிய தொல்லை வேறு. ஏலத்தில் நிற்கிற இருவரும் 10 ரூபாய் ஏறினால்கூட அப்பாவுக்கு போன் போடுகிறார்கள். அதற்குள் வேறு ஆள் எடுத்துவிடுகிறான். அவர்களாக முடிவெடுக்கச் சொன்னால் பயப்படுகிறார்கள்.

உச்சிப்புளி_கணக்கு:
பயம் அவர்களிடம் இல்லை, எல்லை சொல்லாததில் இருக்கு. "நீங்களே பார்த்துச் செய்ங்க" என்பது பொறுப்பு கொடுப்பதாகாது. நஷ்டம் வந்தால் யார் தலை என்பதைச் சொல்லாமல் விட்ட பேச்சு அது.

எல்லையைக் கணக்காகக் கொடுங்க. எண்கள் விளக்கத்துக்கு மட்டும், உங்கள் புத்தகத்திலிருந்து மாற்றிக்கொள்ளுங்க. கம்பெனி கிலோவுக்கு 400 தருகிறது என்று வைப்போம். எடை இழப்பு 4 சதவீதம், 16 ரூபாய். கம்பெனி ஒதுக்கித் தள்ளுவது 3 சதவீதம், 12. ஐஸும் பெட்டியும் 8, வேன் 6, கூலி 10. பணம் 20 நாள் கழித்து வருவதால் மாதம் 2 வட்டிக்கு ஏறக்குறைய 5. மொத்தம் 57. அப்படியானால் 343-க்கு வாங்கினால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

இப்போது ஏலக்காரரிடம் சொல்ல வேண்டியது: 325 வரை யாரையும் கேட்க வேண்டாம். 325-லிருந்து 335 வரை உங்க விருப்பம், ஆனால் ஏன் எடுத்தீங்க என்று ஒரு வரி எழுதணும். 335-க்கு மேல் எனக்கு போன். இந்த மூன்று எண்ணும் சரக்கு இறங்கும் நாளுக்கு முந்தின இரவே அவர் கையில் இருக்கணும்.

இது உடைகிற இடம் ஒன்றே ஒன்று. 330-க்கு எடுத்த சரக்கு நஷ்டமானதும் "ஏன்யா எடுத்தே?" என்று கேட்டால் முடிந்தது. மறுநாளிலிருந்து எல்லாவற்றுக்கும் போன் வரும். எல்லைக்குள் எடுத்த நஷ்டம் உங்களுடையது. எண் தப்பு என்றால் எண்ணை மாற்றுங்க.

கீழக்கரை_பாய்:
தம்பி, போன் அத்தாவுக்குப் போகுதுன்னா பாதி வேலை அத்தாகிட்டதான் இருக்கு. (உங்க வீட்டுல அப்பா, எங்க பக்கம் அத்தா.) அவர் போனை எடுத்து விலை சொன்னால் நீங்க எவ்வளவு கணக்குப் போட்டும் பயனில்லை. "அவன்கிட்ட கேளுங்க" என்று ஒரே பதில் சொல்லி வைக்கணும். அது அவருக்கு எளிதில்லை. முப்பது வருஷம் தன்னிடம் வந்த போன். மரியாதையோடு, வீட்டில் உட்கார்ந்து பேசி, ஒரு பட்டியல் போடுங்க.

தொழிலில் உள்ள முடிவுகளை எழுதினால் ஒரு டஜன் வரும்: அன்றாட விலை, ஆள் சேர்ப்பது, ஆள் நிறுத்துவது, முன்பணம், கம்பெனிக்குக் கடன் நாள், வேன் ரிப்பேர், ஐஸ் யாரிடம், வங்கிக் கையெழுத்து என்று. மூன்று பகுதியாகப் பிரித்து மாதம் ஒரு பகுதி மாற்றுங்க. முதலில் விலை, ஐஸ், வேன். பிறகு ஆள், கூலி. கடைசியில் முன்பணம், கடன், வங்கி. வங்கிக் கையெழுத்தை முதலில் கேட்டால் சொத்தைக் கேட்பதாகத் தோணும்.

மாறின முடிவில் அத்தா தலையிட்டால் ஆட்கள் முன்னால் மறுத்துப் பேசாதீங்க. அன்று அவர் சொன்னபடி விட்டுவிட்டு இரவு வீட்டில் பேசுங்க. ஆனால் அன்று இரவே பேசணும், தள்ளிப்போட்டால் அது புது வழக்கமாகும்.

இன்னொன்று. முதலாளி தனக்கு மாதச் சம்பளம் ஒன்று குறித்து எடுக்கணும். கல்லாவில் கைவைத்து வீட்டுச் செலவு பார்க்கிறவருக்கு லாபம் எவ்வளவு என்றே தெரியாது, ஆட்களுக்கும் அது தெரிஞ்சிரும். கோயில் திருவிழா, சர்ச், பள்ளிவாசல் நன்கொடையெல்லாம் அந்தச் சம்பளத்திலிருந்து கொடுங்க, அல்லது வருஷத்துக்கு ஒரு தொகை என்று எழுதி வையுங்க. செத்தும் கொடுத்த சீதக்காதி எங்க ஊர்க்காரர்தான், அதனால் கொடுக்காதீங்கன்னு சொல்ல மாட்டேன். கூலி பாக்கி வைத்துக்கொண்டு ஊருக்குக் கொடுத்தால் அதற்குப் பெயர் வேறு.

வாடைக்காத்து:
பாய் சொன்னது ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லோரும் திட்டாதே, சத்தம் போடாதே என்கிறீர்கள். கரையில் ஏலம் நடக்கும்போது சத்தம் போடாமல் எந்த வேலை நடக்கும்? மென்மையாகப் பேசினால் ஏறி மிதித்துவிடுவார்கள்.

தொண்டிக்காரன்:
சத்தம் வேற, ஏச்சு வேற. காத்தும் இன்ஜினும் இரைச்சலா இருக்குற எடத்துல "ஐஸ் போடு, வேனைத் திருப்பு"ன்னு கத்தித்தான் ஆவணும், அதை யாரும் மனசுல வைக்க மாட்டாங்க. "உனக்கெல்லாம் சோறு ஒரு கேடா"ன்னு நாலு பேரு முன்னால சொன்னா அது பேச்சு இல்ல, பகை. வேலையப் பத்திக் கத்துங்க, ஆளப் பத்திக் கத்தாதீங்க. ஆளப் பத்தி ஏதும் சொல்லணும்னா சரக்கு அனுப்பி முடிச்சு, தனியாக் கூப்புட்டு, உக்கார வச்சுச் சொல்லுங்க.

அப்புறம், ஏறி மிதிக்கிறதுக்கு மருந்து ஏச்சு இல்ல. தாமதமா வந்தா என்ன ஆகும்னு முன்னாடியே சொல்லி, மூணாவது தடவ அதைச் செஞ்சு காட்டணும். மச்சினனா இருந்தாலும்.

நண்டுக்கம்பெனி_அக்கா:
மச்சினன் விஷயம் சரியான இடம். சொந்தக்காரருக்கு ஒரு நியாயம், மற்றவருக்கு ஒரு நியாயம் என்பதை முதலில் கவனிப்பவர்கள் தரம் பிரிக்கிற பெண்கள். அவர்கள் சொல்ல மாட்டார்கள். வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்கள்.

அவர்களிடம் கேட்கிற பழக்கம் வேண்டும், கேட்கிற விதமும் வேண்டும். "ஏதும் குறை இருக்கா?" என்றால் "ஒண்ணுமில்ல தம்பி" என்றுதான் வரும். "இன்னைக்கு எந்தக் கூடை மோசமா வந்துச்சு?" என்று கேளுங்கள். எந்தப் படகுச் சரக்கில் ஐஸ் குறைவு, எந்த ஆள் சங்காயத்தை (கழிவு மீனை) கீழே வைத்து மேலே நல்ல மீன் அடுக்குகிறார் என்று ஐந்து நிமிடத்தில் தெரியும். சொன்னதில் ஒன்றையாவது அந்த வாரமே சரி செய்துவிட்டு, இன்னார் சொன்னதால் செய்தோம் என்று சொல்லுங்கள். அடுத்த வாரம் கேட்காமலே சொல்வார்கள்.

16 பேர் இருப்பதால் சட்டப்படியும் ஒரு கடமை உண்டு. 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் பெண்கள் மீதான பாலியல் தொல்லையை விசாரிக்க உள்ளகக் குழு கட்டாயம், 2013-ஆம் ஆண்டுச் சட்டம். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியாள் ஒருவர். அமைக்காவிட்டால் 50,000 ரூபாய்வரை அபராதம். இங்கே பல கம்பெனிகளில் காகிதத்தில்கூட இல்லை. கழிப்பறையும் அப்படியே. எட்டுப் பெண்கள் அதிகாலையிலிருந்து நிற்கிற இடத்தில் தண்ணீர் வருகிற கழிப்பறை இல்லாமல் தலைமைப் பண்பு பற்றிப் பேசுவது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது.

பாம்பன்_சரக்கு:
கழிப்பறை இருக்கிறது அக்கா, மோட்டார் அடிக்கடி நிற்கிறது. முதல் வேலையாகப் பார்க்கிறேன். தடைக்காலத்தில் ஆட்களை எப்படி வைத்துக்கொள்வது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் வருமானம் பெரிதாக இல்லை. ஜூனில் திரும்ப ஆள் பிடிப்பதே பாடாக இருக்கிறது.

உச்சிப்புளி_கணக்கு:
அரசு நிவாரணம் மீனவர் குடும்பத்துக்கு. உங்க டிரைவருக்கும் லோடிங் ஆளுக்கும் அது பெரும்பாலும் வராது. அவர்கள் அந்த இரண்டு மாதத்தில் திருப்பூருக்கோ கேரளாவுக்கோ போனால் பாதிப் பேர் திரும்ப மாட்டார்கள்.

பத்துப் பேருக்கு நாளுக்கு 300 ரூபாய் நிற்கிற சம்பளம் என்றால் 61 நாளுக்கு 1,83,000. கேட்க பெரிசா இருக்கு. மீதி 304 நாளில் விசைப்படகு வாரம் மூன்று நாள் போகிறது என்று வைத்தால் சுமார் 130 நாள் சரக்கு வரும். நாளுக்கு ஏறக்குறைய 1,400 ரூபாய். அதைச் சரக்கு வந்த ஒவ்வொரு நாளும் தனிக் கணக்கில் போடுங்க. மாசக் கடைசியில் போடலாம் என்றால் மாசக் கடைசியில் பணம் இருக்காது. புயல் கூண்டு ஏற்றி, படகு கடலுக்குப் போவதற்கான டோக்கனை நிறுத்துகிற நாட்களும் உண்டு, அதனால் 130 என்பதை 110 என்று வைத்துக்கொண்டு நாளுக்கு 1,660 போட்டால் இன்னும் பத்திரம்.

சும்மா கொடுக்க வேண்டியதில்லை. பெட்டி கழுவுவது, குளிர் அறை பராமரிப்பு, வேன் வேலை, நாட்டுப்படகுச் சரக்கு எல்லாம் இருக்கு. சொன்ன தொகையை சொன்ன தேதியில் கொடுத்தீங்களா என்பதை வைத்துத்தான் ஜூன் 15-ஆம் தேதி யார் வருவார்கள் என்பது முடிவாகும்.

கீழக்கரை_பாய்:
செய்ய மாட்டோம் என்ற பட்டியலும் ஒன்று வேணும் தம்பி. கடல் அட்டை 2001 முதல் பாதுகாக்கப்பட்ட உயிரினம். டிரைவரிடம் யாராவது "ஒரே ஒரு பெட்டி, ராமநாதபுரம்வரைக்கும்" என்பார்கள். பிடிபட்டால் வேனும் போகும், டிரைவர் சிறைக்குப் போவார், உங்க பெயரும் போகும். நம் வண்டியில் அது ஏறாது என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லணும். சொல்லாமல் இருந்தால் முதலாளிக்குத் தெரிஞ்சும் விட்டிருப்பார் என்றுதான் நினைப்பார்கள். சினை நண்டும் அப்படித்தான். வாங்குவதில்லை என்றால் விலை குறைவாகக் கிடைக்கிற நாளிலும் வாங்கக் கூடாது.

வாடைக்காத்து:
கடைசியாக ஒரு கேள்வி. இத்தனை பழக்கத்தையும் ஒரே மனிதன் ஒரே மாதத்தில் தொடங்கினால் ஒன்றும் நிற்காது. எதைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் தொங்கவிடுவது?

உச்சிப்புளி_கணக்கு:
இது நல்ல கேள்வி. ஒரு நோட்டு. சரக்கு வந்த நாளில் கல்லாவை எண்ணுவதற்கு முன் நாலு வரி: இன்று எடுத்த பெரிய முடிவு, ஏன், என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன், எந்தத் தேதியில் திரும்பப் பார்ப்பேன். உதாரணமாக, "புதுக் கம்பெனிக்கு 20 நாள் கடன். கிலோவுக்கு 12 கூடுதல். 20-ஆம் நாள் முழுப் பணம் வரும். 22-ஆம் நாள் பார்ப்பது." அந்த நாள் வந்ததும் பக்கத்திலேயே நடந்ததை எழுதணும். ஆறு மாதத்தில் உங்க கணிப்பு எதில் சரி, எதில் எப்போதும் தப்பு என்று தெரிஞ்சிரும். பெரும்பாலும் மீன் விலையில் சரியாகவும், ஆட்கள் விஷயத்தில் தப்பாகவும் இருக்கும்.

நாலு வரிக்கு மேல் எழுதாதீங்க. பக்கம் பக்கமாக எழுதத் தொடங்கினவர் பத்து நாளில் நிறுத்துவார். ஒரு நாள் விட்டுப்போனால் பழைய நாளை நிரப்ப வேண்டாம், அன்றையதை எழுதுங்க. கைப்பேசியில் வேண்டாம், நடுவில் போன் வரும்.

மற்றதில் தராசும் விலைப் பலகையும் முதல் மாதம். ஏல எல்லை இரண்டாம் மாதம். தடைக்காலக் கணக்கு மட்டும் முதல் சரக்கு நாளிலேயே.

பாம்பன்_சரக்கு:
நோட்டு இன்றைக்கே வாங்கிவிடுகிறேன். வாரம் ஒரு தடவை எல்லோரையும் உட்கார வைத்துப் பேச எந்த நாள் சரி? எங்களிடம் மூன்று மதத்தவரும் இருக்கிறார்கள்.

நண்டுக்கம்பெனி_அக்கா:
திங்கள், புதன், சனி படகு போகிறது. சரக்கு இறங்குவது செவ்வாய், வியாழன், ஞாயிறு காலை. ஞாயிறு பாதிப் பேர் சர்ச்சுக்குப் போக அவசரப்படுவார்கள், வெள்ளி மதியம் ஜும்மா. திங்கள் காலை பத்து மணி வையுங்கள். இருபது நிமிடம், நின்றபடி வேண்டாம், டீயோடு. போன வாரம் திரும்பி வந்த சரக்கு, இந்த வாரம் யார் லீவு, சொன்னதில் எது முடிந்தது, இந்த மூன்று மட்டும். நீங்கள் கடைசியாகப் பேசுங்கள். முதலில் பேசினால் மற்றவர்கள் உங்கள் பேச்சையே திருப்பிச் சொல்வார்கள். கூலிப் பாக்கி இருந்தால் கூட்டத்துக்கு முன்பே கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இருபது நிமிடமும் அதுதான் ஓடும்.